அளந்தறிந்த பெரியார் சுப்பாராவ்

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடிக்குச் செல்லும் பெருவழியில் திருமயம் என்னும் ஊர் இருக்கின்றது. 1687ஆம் ஆண்டில் கிழவன் சேதுபதி எடுப்பித்த கோட்டையும், ஒரே குன்றின் சரிவில் அருகருகே குடைந்தெடுத்த சிவன் கோயிலும் திருமால் கோயிலும் அவ்வூரின் பழம்பெருமைக்குச் சான்றாக நிற்கின்றன. அங்கே 1887இல் பிறந்து, புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்று, தம் நாவன்மையால் நாட்டைத் தட்டி எழுப்பியவர் தீரர் சத்தியமூர்த்தி. திருமயத்தில் வாழும் எமக்கு அவர் பெயரைக் கேட்குந்தோறும் நெஞ்சு நிமிர்வது இயல்பே. ஆயினும், அவர் குரல் சென்னை மேடைகளில் முழங்கிய அக்காலத்தில், அதே நகரத்து வைத்தியக் கல்லூரியில், அவரினும் ஏழாண்டுக்குமேல் இளைய ஒரு மாணவர் ஆரவாரமின்றிப் பயின்றுகொண்டிருந்தார். மேடைகள் அவரை அறியா. பத்திரிகைகளும் பல்லாண்டு அவரை அறிந்தில. உலகெங்கும் உள்ள இரசாயனப் பரிசோதனைச் சாலைகளோ அவர் பெயரை நாள்தோறும் வழங்கலாயின. அவரே எல்லாப்பிரகட சுப்பாராவ்.

கண்ணுக்குப் புலனாகாத வினைகளை அளந்து காட்டுவதைத் தம் வாழ்நாட்பணியாகக் கொண்டவர் அப்பெரியார். அவர்தம் வரலாற்றையும், அவர் நின்ற துறை பின்னாளில் ஒளியைக்கொண்டு அளக்கும் கலையாக வளர்ந்தவாற்றையும் நம் கல்லூரி மாணவர் அறிதல் நலமென்று கருதி இக்கட்டுரையை வரையத் துணிந்தோம்.

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12ஆம் நாள், அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமாவரத்தில் பிறந்தார். குடும்பம் வறியது, மக்கள் பலர். இளமையில் அவர் படிப்பில் நாட்டங்கொண்டாரல்லர். பொருளீட்டும் விருப்பினராய், காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்கலாம் என்று வீட்டைவிட்டுப் புறப்பட்டதும், பின்னர் மீட்டுக் கொணரப்பட்டதும் அவர் சரிதத்தில் காணப்படும் செய்திகள். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இருமுறை தவறினார். தந்தையார் காலமானபின் தாயார் வேங்கம்மா அரும்பாடுபட்டு அவரைப் படிக்க வைத்தார். சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிற் சேர்ந்த பின்னரே மூன்றாம் முறை தேறினார். பரீட்சையில் ஒருமுறை தவறினாலே வாழ்வு முடிந்ததென்று மனமுடையும் மாணவர்கள் இதனைக் கருத்திற் கொள்வாராக.

பிறகு அவர் சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்றார். அந்நாளில் துறவு பூணவேண்டுமென்ற வேட்கை அவரைப் பற்றியது, தாயார் இசைந்திலர். பிறர்க்குத் தொண்டு செய்யும் நெறி துறவு ஒன்றே அன்று எனத் தெளிந்து வைத்தியக் கல்லூரியிற் புகுந்தார். அக்காலத்தே காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, அறுவை வகுப்புக்கும் கதராடை உடுத்திச் சென்றார். இது துறைத்தலைவராய் இருந்த ஆங்கிலேயருக்கு உவப்பாயில்லை. எழுத்துத் தேர்வுகளில் நன்கு விடையிறுத்தும் சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைத்திலது, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். என்னும் சான்றே கிடைத்தது.

இதனினும் கொடிய இடி ஒன்று அவர் குடும்பத்தின்மீது வீழ்ந்தது. ஸ்ப்ரூ என்னும் வெப்பநாட்டுக் கழிச்சல் நோய்க்கு அவர் சகோதரர் இருவர் சில நாள் இடைவெளியிற் பலியாயினர். இந்நோயில் குடல் உணவின் சத்தை ஈர்க்கும் ஆற்றலை இழக்கும், இரத்தம் சோகையுறும், உண்டும் உண்ணாதவர்போல் மேனி வாடும். அந்நோய் சுப்பாராவையும் பற்றியது. ஆயுர்வேதத்தில் வல்ல டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி அவர்களின் சிகிச்சையால் அவர் பிழைத்தெழுந்தார். தம் உடன்பிறந்தாரைக் கொன்ற நோயின் காரணம் யாது, அதனை நீக்கும் பொருள் யாது என்னும் வினா அவர் உள்ளத்தில் ஆறாப் புண்ணாய் நின்றது. லட்சுமிபதியார் நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் சிலகாலம் ஆசிரியராயிருந்தபின், மாமனாரும் அறநிலையம் ஒன்றும் பொருளுதவ, 1922ஆம் ஆண்டு அமெரிக்காவில் உள்ள பாஸ்டன் நகரை அடைந்தார். இளமனைவியைத் தாய்நாட்டில் விட்டுச் சென்ற அவர் மீண்டும் இந்தியக் கரையை மிதித்தாரல்லர்.

ஹார்வர்டு சர்வகலாசாலையில் வெப்பநாட்டு நோய்களைப்பற்றிய படிப்பில் அவர் சேர்ந்தார். வயிற்றுப்பாட்டுக்கு ஆஸ்பத்திரி ஒன்றில் இரவு வேலை பார்த்தார். நோயாளிகளின் கழிகலங்களைத் துலக்குவதும் அவ்வேலையில் அடங்கும். பகலில் மாணவர், இரவில் ஊழியர் என்னும் இவ்வாழ்வில் சலிப்புறாது, சைரஸ் ஃபிஸ்கே என்பவரோடு உயிரியல் இரசாயனத் துறையில் ஆராய்ச்சி செய்யத் தொடங்கினார்.

ஈண்டு அவர்கள் மேற்கொண்ட பணியின் அருமையை ஒருவாறு விளக்குதல் வேண்டும். நம் உடம்பில் நிகழும் இரசாயன மாற்றங்களை நொதிகள் என்னும் புரதப் பொருள்கள் நடத்துகின்றன. உமிழ்நீர் சோற்றின் மாவைச் சர்க்கரையாக்குவதும், இரைப்பை இறைச்சியைக் கரைப்பதும் நொதிகளின் செயலே. ஒரு துளி இரத்தத்தில் ஒரு நொதி எவ்வளவு உளது என்று எடைபோட்டுக் காண இயலாது. அத்துணைச் சிறிது அதன் அளவு. ஆதலின் ஆராய்வோர் அது செய்யும் வேலையை அளக்கின்றனர். ஒரு நிமிஷத்தில் எவ்வளவு பொருளை அது மாற்றுகின்றது என்பதே அதன் ஆற்றலுக்கு அளவுகோல். குயவன் மறைவில் இருப்பினும், பொழுது சாயுமுன் சூளைக்கு வந்த பானைகளை எண்ணி அவன் திறத்தை அறிவது போல்வது இது. ஆனால் பானையை எண்ண இயலும். ஒரு நொதி பிரித்துவிட்ட பாஸ்பேட்டுத் துகளை எங்ஙனம் எண்ணுவது?

ஃபிஸ்கேயும் சுப்பாராவும் 1925ஆம் ஆண்டில் இதற்கு எளிய விடை கண்டு வெளியிட்டனர். பாஸ்பேட்டு உள்ள கரைசலில் அமிலமும் மாலிப்டேட்டு உப்பும் சேர்த்தால் அவை ஒன்றாய்க் கூடும். அக்கூட்டுப் பொருளைத் தக்கதொரு சேர்மத்தால் ஆக்ஸிஜன் குறைக்கும்போது ஆழ்ந்த நீலநிறம் தோன்றும். பாஸ்பேட்டு மிகுந்தால் நீலம் மிகும். குறைந்தால் நீலம் மெலியும். அளவு தெரிந்த ஒரு கரைசலின் நீலத்தோடு இதனை ஒப்பிட்டால் எத்தனை மில்லிகிராம் என்று கணக்கிட்டுவிடலாம். முன்னிருந்த முறைகளினும் விரைவும் உறுதியும் உடைய இம்முறை, எலும்பு நோயிலும் ஈரல் நோயிலும் இரத்தத்தில் மிகும் பாஸ்பட்டேஸ் என்னும் நொதியை அளக்கவும் பயன்பட்டது. வைத்திய மாணவர் தலைமுறை தலைமுறையாக ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்றே இதனைப் பயின்று வந்துள்ளனர்.

அளவை நம்புவோர்க்கு அளவு புதிய கதவுகளையும் திறந்து காட்டும். தசையிலிருந்து எடுத்த சாற்றை இம்முறையால் ஆராய்ந்தபோது, நீலம் உடனே முழுமையாய்த் தோன்றாமல் சிறிது சிறிதாக ஏறியது. பரீட்சைக்காகச் செய்வோர் இதனைப் பிழையென்று தள்ளிவிட்டுக் குடுவையைக் கழுவியிருப்பர். இவ்விருவரோ அத்தாமதத்திற்குக் காரணம் தேடினர். அமிலத்தில் மெல்ல மெல்லச் சிதைந்து பாஸ்பேட்டை விடுவிக்கும் புதியதொரு பொருள் தசையில் மறைந்திருத்தலைக் கண்டனர். 1927இல் அவர்கள் அறிவித்த பாஸ்போகிரியேட்டின் அதுவே. அதே காலத்தில் இங்கிலாந்தில் எக்கிள்டன் தம்பதியரும் இதனைக் கண்டிருந்தனர். 1929இல் உயிர்களின் ஆற்றல் நாணயம் என்று இன்று போற்றப்படும் ஏ.டி.பி. என்னும் பொருளையும் தசையிற் கண்டு வெளியிட்டனர். ஜெர்மனியில் லோமன் என்பவரும் அவ்வாண்டிலேயே அதனைக் கண்டார். தசை சுருங்குவதற்கு லாக்டிக் அமிலமே காரணம் என்று நோபல் பரிசு பெற்றோர் நிலைநாட்டியிருந்த கொள்கை இவற்றால் ஆட்டங்கண்டது. ஒரு குடுவையில் நீலம் ஏறத் தாமதித்ததைப் பொருட்படுத்தியதன் பயன் இது!

1930இல் சுப்பாராவ் டாக்டர் பட்டம் பெற்றார். எனினும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பதவி கிட்டிலது. 1940இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி ஆராய்ச்சி நிலையத்திற் சேர்ந்து, விரைவில் அதன் ஆராய்ச்சித் தலைவரானார். சென்னையில் உள்ளத்தில் தைத்த பழைய முள்ளைக் களையும் காலம் அங்கே வாய்த்தது.

1931இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவப் பெண்மணி, பம்பாயில் கருவுற்ற ஏழைப் பெண்களின் இரத்தசோகையை ஈஸ்டுச் சாறு தீர்ப்பதைக் கண்டு வெளியிட்டிருந்தார். அச்சாற்றில் உள்ள மருந்துப்பொருள் யாது என்பது மறைபொருளாகவே இருந்தது. 1941இல் வேறு அறிஞர்கள் பசலைக் கீரையிலிருந்து ஒரு பொருளைத் திரட்டி, இலை என்னும் பொருள்பட ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். சுப்பாராவின் தலைமையில் லெடர்லிக் குழுவினர் அதன் அமைப்பைத் துருவிக் கண்டு, 1945இல் அதனைச் செயற்கையாக ஆக்கியும் அறிவித்தனர். ஸ்ப்ரூ நோயாளிகளின் சோகையை அது நீக்கியதை மருத்துவர்கள் விரைவிற் கண்டனர். உடன்பிறந்தார் மாண்டு ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழிந்தபின் அவர்கள் நோய்க்கு மருந்து கிட்டியது. அவர்களுக்கு அது பயன்படவில்லை. அவர்களைப்போன்ற பல்லாயிரவர்க்குப் பயன்பட்டது.

ஃபோலிக் அமிலத்தின் ஒரு பாகம் டெரிடின் என்னும் வகையைச் சேர்ந்தது. வண்ணத்துப்பூச்சி இறகுகளின் நிறப்பொருள்களும் இவ்வகையினவே. முழு ஃபோலிக் அமிலம் ஒளிர்வது அரிது. ஆக்ஸிஜனால் அது பிளவுற்று டெரிடின் துண்டு தனிப்படும்போது, புற ஊதாக் கதிரின்கீழ் அத்துண்டு நீலமாய் ஒளிரும். முன்னர்ச் சுப்பாராவின் குடுவையில் தோன்றியது நிறம். இங்கே தோன்றியது ஒளி. இவ்வேறுபாட்டை மாணவர் நன்கு உணர்தல் வேண்டும்.

1852இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஸ்டோக்ஸ், கொயினாக் கரைசல் சூரிய ஒளியில் நீலமாய் மின்னுவதை ஆராய்ந்து இவ்வியல்பை விளக்கினார். கண்ணுக்குத் தெரியாத சிற்றலைக் கதிரை அப்பொருள் விழுங்கி, அதனினும் நெடிய அலையுடைய, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வெளியிடுகின்றது. இதனை ஒளிர்வு என்போம். நிறத்தை அளப்பவர், பேரொளி ஒன்று கரைசலூடே செல்லுகையில் சிறிது குறைவதைக் காண்கின்றார். திருமயம் கோட்டையின் உச்சியில் நண்பகலில் ஒரு விளக்கை ஏற்றினால் அடிவாரத்தில் நிற்பவர் அதனைக் காணார். அமாவாசை இரவில் ஏற்றினாலோ வயல்களுக்கு அப்பாலும் அது தெரியும். விளக்கு ஒன்றே, பின்னணி இருளாய் இருத்தலே வேறுபாடு. ஒளிர்வை அளப்பவர் இருளில் ஒளியைத் தேடுகின்றார். ஆதலால் நிறத்தால் அறியவொண்ணாத, அதனினும் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு சிறிய அளவையும் அவர் அறிகின்றார்.

இம்முறையால் நொதியை அளப்பது எங்ஙனம் எனின், கூறுதும். மெதில் அம்பெல்லிஃபெரோன் என்னும் பொருள் காரக் கரைசலில் நன்கு நீலமாய் ஒளிர்வது. அதனோடு ஒரு பாஸ்பேட்டைப் பிணைத்துவிட்டால் அவ்வொளி அடங்கிவிடும். பாஸ்பட்டேஸ் நொதி வந்து பிணைப்பை வெட்டியதும் விளக்கு மீண்டும் ஏற்றப்பெறும். அவ்வெட்டினால் இரண்டு துண்டுகள் பிறக்கின்றன. பாஸ்பேட்டுத் துண்டைச் சுப்பாராவின் நீலநிறத்தால் அளக்கலாம்; மற்றைத் துண்டை இந்நீலவொளியால் அளக்கலாம். பாஸ்பேட்டுக்கு மாறாகச் சர்க்கரையைப் பிணைத்தால், சர்க்கரைப் பிணைப்பை வெட்டும் நொதிகளையும் அளக்கலாம். பிறவியிலேயே சில நொதிகள் இல்லாத குழந்தைகளை, உலர்ந்த இரத்தப் பொட்டு ஒன்றைக்கொண்டு மருத்துவர்கள் கண்டறிவது இவ்வழியாலே. பாலைப் பாஸ்டர் முறையில் 72 பாகை வெப்பத்தில் 15 விநாடி காய்ச்சும்போது அதிலுள்ள பாஸ்பட்டேஸ் அழிந்துபடும். காய்ச்சாத பால் சிறிது கலந்திருப்பினும் ஒளி அதனைக் காட்டிக் கொடுக்கும். 1961இல் ராட்மன் என்பவர் நுண்ணிய துளிகளில் நொதியை அடைத்து, ஒளிர்வின் துணையால் ஒற்றை நொதி மூலக்கூற்றின் வேலையையே அளந்துவிட்டார்.

எளிதாய்த் தோன்றும் இம்முறையில் ஏமாறுவதும் எளிது. நொதி இல்லாத வெறுங்கரைசல் ஒன்றையும் உடன்வைத்து, அதன் ஒளியைக் கழித்தல் வேண்டும். அளவு தெரிந்த ஒளிர்பொருளைப் பல அளவுகளில் வைத்துக் கோடு வரைந்து, அக்கோட்டினால் கணக்கிடல் வேண்டும். வெப்பநிலை மாறினால் நொதியின் வேகமும் மாறும், ஒளியும் மாறும். கரைசல் மிகச் செறிந்தால், தானே தன் ஒளியை விழுங்கிக்கொள்ளும். அளப்பவர் நொதி சோர்ந்ததென்று மயங்குவர். நேரம் ஏற ஏற ஒளி நேர்கோட்டில் ஏறும் தொடக்கப் பகுதியையே வேகத்திற்குக் கொள்ளல் வேண்டும். நீலம் ஏறத் தாமதித்ததைச் சுப்பாராவ் உற்று நோக்கியது போன்ற விழிப்பே இங்கும் வேண்டப்படுவது.

நிற்க. ஃபோலிக் அமிலத்தின் அமைப்பை அறிந்த சுப்பாராவின் குழுவினர், உருவில் அதனை ஒத்து வினையில் அதற்கு மாறான சேர்மங்களையும் ஆக்கினர். அவற்றுள் அமினாப்டெரின் என்பதைப் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோயால் மடிந்துகொண்டிருந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். அதுவரை அந்நோய்க்கு மருந்தே இல்லை. பல குழந்தைகள் சிலகாலமேனும் நோய் தணிந்து எழுந்து விளையாடினர். 1948இல் ஃபார்பர் இதனை வெளியிட்டார். அவ்வகையைச் சேர்ந்த மெதோட்ரெக்ஸேட்டு இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்திற்கும் வழங்கப்படுகின்றது. அது தடுக்கும் நொதி டைஹைட்ரோஃபோலேட்டு ரிடக்டேஸ் எனப்படும். அந்நொதி வேலை செய்கையில் என்.ஏ.டி.பி.எச். என்னும் துணைப்பொருள் செலவாகும். அத்துணைப்பொருள் புற ஊதாக் கதிரில் நீலமாய் ஒளிர்வது. எனவே நொதி வேலை செய்யச் செய்ய ஒளி மங்கும். மருந்து நொதியைக் கட்டிவிட்டால் ஒளி மங்காது நிற்கும். சுப்பாராவின் மருந்து தன் வேலையைச் செய்கின்றதா என்பதை அவர் வாழ்நாளெல்லாம் போற்றிய அளவைக் கலையே இவ்வாறு சொல்லிவிடுகின்றது.

யானைக்கால் நோய்க்கு மருந்தாகிய ஹெட்ரசானும் அவர் தலைமையில் 1947இல் வெளிவந்தது. 2004இல் இந்திய அரசாங்கம் நாடளாவித் தொடங்கிய யானைக்கால் ஒழிப்புத் திட்டத்தில் மக்களுக்குக் கொடுத்த டி.இ.சி. மாத்திரை அதுவே. அவர் நிலையத்தில் டக்கர் என்னும் முதிய தாவரவியலார் கண்டெடுத்த ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் வகை மருந்துகளுக்கெல்லாம் முதலாவது. இத்துணை பணிகளுக்கு நடுவே, 1948ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், 53ஆம் வயதில், உறக்கத்திலேயே அவர் உயிர் நீத்தார். கால் நூற்றாண்டுக்கு மேல் அமெரிக்காவில் வாழ்ந்தும் அந்நாட்டுக் குடியுரிமையை அவர் பெற்றிலர். நோபல் பரிசும் அவரை வந்தடைந்திலது. 1953இல் ஒரு பூஞ்சணத்திற்கு அவர் பெயரையிட்டுச் சுப்பாரோமைசிஸ் என்றனர்; 1995இல், அவர் பிறந்த நூறாம் ஆண்டில், இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

ஒரு மனிதரின் பெருமையை எதனைக்கொண்டு அளப்பது என்னும் வினா இவ்வரலாற்றைப் படிப்போர்க்கு எழாமற் போகாது. பட்டத்தைக் கொண்டு அளந்தவர் அவரை எல்.எம்.எஸ். என்றனர். பதவியைக் கொண்டு அளந்தவர் அவருக்கு இடமில்லை என்றனர். நொதியை எடைபோட இயலாதெனினும் அது செய்த வேலையால் அதனை அளக்கலாம் என்பது அவர் துறையின் முதற்பாடம். அவரையும் அவ்வாறே அளத்தல் முறை. கருவுற்ற தாய்க்கு எம் ஊர்ப்பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருக்கின்றது. அதை வாங்கிச் செல்லும் பெண்மணி சுப்பாராவின் பெயரை அறியாள். அவள் இரத்தம் அறியும்.

நம் கல்லூரிச் சோதனைச் சாலையில் குடுவையும் கையுமாய் நிற்கும் மாணவ அன்பர்களே! நீங்கள் கணக்கெழுதும் ஏட்டில், புத்தகம் சொல்லும் விடைக்கு ஒவ்வாத ஓர் அளவு என்றேனும் தோன்றுமாயின், அதனை அழித்து எழுத விரையாதீர்கள். சற்று நின்று, காரணம் யாதென்று வினவுங்கள். அவ்வினாவை விடாது பற்றிச் சென்றவர் ஒருவர் சென்னைத் தெருக்களில் நடந்து படித்தவர் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.